போன் ஜிபிஎஸ் தள்ளிக் காட்டும்போது டிஜிபிஎஸ் கருவியை எப்படி நம்புவது?

வாசகர் ஒருவரின் கேள்வி: தோட்டத்து எல்லைக் கல் மேல் போனை வைத்தால் காலையில் ஓரிடம், மாலையில் நாலைந்து மீட்டர் தள்ளி வேறிடம் காட்டுகிறது. சர்வேயரோ டிஜிபிஎஸ் (பிழையைத் திருத்திக் காட்டும் ஜிபிஎஸ் கருவி) கொண்டுவந்து சென்டிமீட்டர் சுத்தமாக அளந்து தருகிறேன் என்கிறார். இரண்டுமே அதே சாட்டிலைட்டைத்தானே பார்க்கின்றன?

அதே சாட்டிலைட்தான். கேள்வி நியாயமானது, ஏனென்றால் 30 மீட்டர் நீள எல்லை 4 மீட்டர் நகர்ந்தால் கிட்டத்தட்ட 3 சென்ட் நிலம் கைமாறிவிடும்.

ஜிபிஎஸ் சாட்டிலைட்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத்தான் தூரம் கணக்கிடப்படுகிறது, அதில் ஒரு நானோ வினாடி பிசகினாலே 30 செ.மீ. போச்சு. சாட்டிலைட்டின் கடிகாரம் கொஞ்சம் பிசகும், தான் இருப்பதாக அது சொல்லும் இடமும் கொஞ்சம் பிசகும், எல்லாவற்றுக்கும் மேலாக அயனி மண்டலத்தை (வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னூட்டம் கொண்ட துகள்கள் நிறைந்த அடுக்கு) கடக்கும்போது சிக்னல் தாமதமாகும். பூமியின் காந்த நடுக்கோடு தென்தமிழகத்தை ஒட்டிப் போவதால் இந்தத் தொல்லை நமக்கு ஐரோப்பாவைவிட அதிகம், சூரியன் மறைந்த பிறகு சில நாட்களில் சிக்னலே தடுமாறும்.

சரி, இப்போது இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு புள்ளியில் இன்னொரு ரிசீவரை அசையாமல் வைக்கிறோம். இதுதான் பேஸ். தான் இருக்கும் இடம் தெரியும் என்பதால் ஒவ்வொரு சாட்டிலைட்டும் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்றும் அதற்குத் தெரியும், வந்த அளவு அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து அந்தத் தகவலை ரேடியோவிலோ இன்டர்நெட்டிலோ உங்கள் தோட்டத்தில் நிற்கும் ரோவருக்கு (கல் கல்லாக எடுத்துச் சென்று அளக்கும் ரிசீவர்) அனுப்பிவிடும். இரண்டும் அருகருகே இருப்பதால் பிழையும் ஏறக்குறைய ஒன்றுதான், கழித்தால் போய்விடும். 2000 மே மாதம் வரை அமெரிக்கா ஜிபிஎஸ் சிக்னலை வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்த காலத்திலேயே, அந்நாட்டுக் கடலோரக் காவல்படை இதே முறையில் கப்பல்களுக்குப் பத்து மீட்டருக்குள் இடம் காட்டியது.

ஆனால் இது மட்டும் செய்தால் மீட்டர் அளவுக்குத்தான் வரும். சென்டிமீட்டர் வருவது ஆர்டிகே முறையில், அதாவது சுமார் 19 செ.மீ. நீளமுள்ள சிக்னல் அலைகளையே எண்ணி அளப்பதில் (நம் ஊரில் இதையும் டிஜிபிஎஸ் என்றே சொல்கிறார்கள்). முழு அலைகளின் எண்ணிக்கை உறுதியானால் திரையில் ஃபிக்ஸ் என்று வரும், ஆகாவிட்டால் ஃப்ளோட். ஃப்ளோட்டில் எடுத்த புள்ளியை ஏற்காதீர்கள்.

பேஸ் திருத்த முடியாதவையும் உண்டு. மாமரத்தடியிலோ சுவரோரத்திலோ ரோவர் நின்றால் சிக்னல் பட்டுத் தெறித்து வரும், அந்தப் பிழை ரோவருக்கு மட்டுமே உரியது, எந்த பேஸாலும் அதைக் கழிக்க முடியாது. இதைவிடப் பெரிய விஷயம், பேஸின் இடமே தவறாக இருந்தால் எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து நகரும். பேஸை உங்கள் வரப்பில் வைத்து, கருவி தானாகக் காட்டும் இடத்தையே சரியென்று எடுத்துக்கொண்டால் பரப்பளவும் வடிவமும் சரியாகவே வரும், அட்சரேகை தீர்க்கரேகை மட்டும் ஓரிரு மீட்டர் தள்ளியிருக்கும். கல் காணாமல்போய் அடுத்த வருடம் வேறொருவர் அந்த எண்களை வைத்துத் தேடினால் தகராறு அங்கேதான் தொடங்கும். ஆகவே பேஸ் எதன் அடிப்படையில் வைக்கப்பட்டது என்று கட்டாயம் கேளுங்கள். இந்திய நில அளவைத் துறை நிறுவியிருக்கும் நிரந்தர கோர்ஸ் நிலையங்களிலிருந்து (இடம் துல்லியமாகத் தெரிந்த, எப்போதும் இயங்கும் பேஸ்கள்) திருத்தம் எடுத்தால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. சாட்டிலைட் வழியாகவே ஜிபிஎஸ் திருத்தம் அனுப்பும் இந்தியாவின் ககன் சேவை போதாதா என்று சிலர் கேட்பார்கள், அது விமானங்களுக்காக உருவானது, எல்லைக் கல்லுக்கு அந்தத் துல்லியம் காணாது.

அப்புறம், கருவி சொல்வது கல் இருக்கும் இடத்தைத்தான். கல் இருக்க வேண்டிய இடத்தை எஃப்எம்பி ஸ்கெட்சோடு (அரசு நில அளவைப் பதிவில் உள்ள புல வரைபடம்) ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வேலை முடிந்ததும் ரோவரை அணைத்துத் திரும்பப் போட்டு ஒரு கல்லை மறுபடி அளக்கச் சொல்லுங்கள், இரண்டு கற்களுக்கு நடுவே டேப்பும் பிடித்துப் பாருங்கள். கருவி யுடிஎம் கணக்கில் (வளைந்த பூமியைத் தட்டையான வரைபடமாக்கும் முறை) தூரம் காட்டினால், டேப்போடு 100 மீட்டருக்குச் சில சென்டிமீட்டர் வித்தியாசம் வருவது இயல்பு, அதற்கு மேல் போனால் மறுபடி முதலிலிருந்து அளக்கச் சொல்லுங்கள்.