ஞாயிறு ஒருநாள் பெங்களூரு

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் 8 வயது மகனையும் பெங்களூருக்குக் கூட்டிப் போக ஆசை. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலை நினைத்தால்தான் தயக்கம். வழி உண்டா? — கிருஷ்ணகிரி வாசகி

பதில்: உண்டு, ஓசூர் சாலையில் அதற்கு முன்பே வரும் பொம்மசந்திராவிலேயே பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுங்கள். 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் பாதை அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஏறும்போதே நடத்துனரிடம் சொல்லி வையுங்கள். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் பஸ் ஏறிவிட்டால் சில்க் போர்டு பக்கம் போய்த்தான் இறங்க முடியும். ஞாயிறன்று மெட்ரோ காலை 7 மணிக்குத்தான் தொடங்கும். விடியுமுன் போய் நிற்க வேண்டாம்.

கடைசி நிலையமான ஆர்.வி. ரோட்டில் பச்சைப் பாதைக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம் லால்பாக் தாவரவியல் பூங்கா. அங்குள்ள பாறை சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையானது. பையன் ஓடி ஏறிவிடுவான். வெயில் ஏறினால் கல் சுடும், முதலில் அதை முடியுங்கள். அம்மாவுக்கு 1889-இல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகைப் பக்கம் நிழல் உண்டு. குடியரசு தின, சுதந்திர தின மலர்க் கண்காட்சி நாட்களில் மட்டும் போகாதீர்கள், நடக்கவே இடமிருக்காது.

மதியத்துக்கு மேல் கஸ்தூர்பா சாலை விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம். பொத்தானை அழுத்தினால் இயங்கும் இயந்திர மாதிரிகளை விட்டுப் பையனை நகர்த்துவதுதான் பாடு!

திரும்புவது சுலபம். ஞாயிறு மாலைக் கூட்டமெல்லாம் ஊரிலிருந்து பெங்களூரு நோக்கித்தான் போகும்.