தேன்கூட்டில் அரசன் எப்படி வந்தான்?

"உயிரியல் உண்மைகளைத்தானே சொல்கிறது, அதில் ஆண்-பெண் பாரபட்சம் எங்கே?" என்று கேட்டிருக்கிறீர்கள். தேன்கூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டின் பெரிய தேனீயை அரிஸ்டாட்டில் அரசன் என்றே எழுதினார். கொடுக்குள்ள தேனீக்கள் பெண்ணாக இருக்க முடியாது என்றும் வாதிட்டார். இயற்கை பெண்ணுக்கு ஆயுதம் தராதாம்! எவ்வளவு பெரிய அறிஞர், எவ்வளவு எளிதாக வழுக்கினார் பாருங்கள். அந்த நினைப்பு நூற்றாண்டுகள் நீடித்தது. 17ஆம் நூற்றாண்டில் டச்சு ஆய்வாளர் யான் ஸ்வாமர்டாம் அந்த 'அரசனை' அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். உள்ளே சூலகங்கள், அவற்றில் முட்டைகள்.

அரசன் ராணியானான். ஆனால் 'ராணி'யும் சரியில்லை என்பதே என் கருத்து. அவள் ஆணையிடுவதில்லை, முட்டையிடுகிறாள். எந்தப் புழுவுக்குத் தொடர்ந்து அரசக்கூழ் (ராயல் ஜெல்லி) என்ற சிறப்பு உணவை ஊட்டி அடுத்த ராணியாக்குவது என்பதை வேலைக்காரத் தேனீக்களே முடிவு செய்கின்றன. அவை அனைத்தும் பெண்கள்.