ஒரு கப்பல் நிறைய இரும்புத் தாது ஏற்றினால் அதை எப்படி எடை போடுவார்கள்?

கிருஷ்ணகிரியில் கிரானைட் லாரி ஓட்டும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "குவாரியை விட்டு வெளியே வந்ததும் வண்டியை எடை மேடையில் ஏத்திடுறோம். தாது ஏத்துற கப்பலை எதுல ஏத்துவாங்க?" நானும் பர்கூர்க்காரன்தான், துறைமுகத்தில் சர்வே வேலை பார்த்தவன். எதிலும் ஏற்றுவதில்லைங்க, கப்பல்தான் எடை மேடை.

தாது கொட்டுவதற்கு முன் கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருந்தது, கொட்டி முடித்தபின் எவ்வளவு என்று பார்த்து, கூடிய ஆழத்தை டன்னாக மாற்றுவார்கள். இதற்கு டிராஃப்ட் சர்வே என்று பெயர். முன்பக்கம், நடு, பின்பக்கம் என இரு புறமும் சேர்த்து ஆறு இடத்தில் எண்கள் பொறித்திருக்கும். ஒவ்வொரு எண்ணும் 10 செ.மீ. உயரம். எண்ணின் அடியைத் தண்ணீர் தொட்டால் அந்த எண்தான் அளவு, பாதி முழுகியிருந்தால் 5 செ.மீ. சேர்த்துக்கொள்ள வேண்டும். கரைப்பக்கம் பெர்த்தில், அதாவது கப்பல் கட்டியிருக்கும் மேடையில், நின்றே படித்துவிடலாம். கடல்பக்கம் படகில் போகணும், இல்லாவிட்டால் கயிற்றேணியில் தொங்கணும். அலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் நான் ஒரு அளவு சொல்வேன், கப்பலின் சீஃப் ஆபீசர் வேறு அளவு சொல்வார். 70,000 டன் ஏற்றும் கப்பலில் 1 செ.மீ. மாறினால் சுமார் 65 டன் மாறும். நம்ம ஊர் டிரெய்லரில் ஏறக்குறைய ரெண்டு லோடு. லேசில் யார் விட்டுக்கொடுப்பார்கள்?

அப்புறம் ஒரு வாளியில் கடல் தண்ணீரை மொண்டு அடர்த்தி பார்ப்போம். ஆறு கலக்கும் துறைமுகத்தில் தண்ணீரின் உப்பு குறையும், அதே எடைக்குக் கப்பல் இன்னும் கொஞ்சம் ஆழமாக அமிழும்.

உண்மையில் உயிரை வாங்குவது பாலாஸ்ட் தண்ணீர்தான். காலியாக வரும் கப்பல் நிலையாக நிற்க வேண்டுமே என்று தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு வரும். தாது ஏற ஏற அதை வெளியே இறைப்பார்கள். முதலிலும் கடைசியிலும் ஒவ்வொரு தொட்டியின் குழாயிலும் டேப்பை இறக்கி அளக்கணும். பம்பு இழுக்காமல் அடியில் தங்கிய தண்ணீரைக் கணக்கில் விட்டுவிட்டால் அத்தனையும் தாதின் எடையில் தப்பாகச் சேர்ந்துவிடும்.

இவ்வளவு செய்தும் அரை சதவீதம் முன்னே பின்னே இருக்கும். 70,000 டன்னில் அது 350 டன். கன்வேயரில் பெல்ட் தராசும் உண்டு, ஆனால் பல இடங்களில் பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் தரப்பு தரும் ரசீதில்) ஏறுவது டிராஃப்ட் சர்வே கணக்குதான்.

அந்த எடையில் ஈரமும் அடக்கம். வாங்குபவர் பெரும்பாலும் உலர்ந்த டன்னுக்குத்தான் காசு தருவார், அதனால் மாதிரி எடுத்து அடுப்பில் காயவைத்துக் கழிப்பார்கள். ஈரம் காசோடு போகிற விஷயமும் இல்லை. தூள் தாதில் ஈரம் மிஞ்சினால் கப்பல் ஆடும் ஆட்டத்தில் சேறாகிப் பக்கவாட்டில் சரியும். 2009 ஜூலையில் மங்களூருக்கு அப்பால் ஏசியன் ஃபாரஸ்ட், செப்டம்பரில் பாரதீப்புக்கு அப்பால் பிளாக் ரோஸ் என்று தூள் தாது ஏற்றிய இரண்டு கப்பல்கள் மூழ்கின.

உங்கள் கல்லுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஸ்லாப் கன்டெய்னரில் போவதாக இருந்தால் மட்டும் எடைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடையைத் தராத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது.