பழைய ராணுவக் கைத்துப்பாக்கி: அசலா, நகலா? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் எல்லோருமே முதலில் கதையைச் சொல்லிவிட்டு, துப்பாக்கியில் பொறித்திருக்கும் முத்திரையைக் கடைசி வரியில்தான் எழுதியிருக்கிறார்கள். நான் கடைசி வரியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போனேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு வெப்ளி ரிவால்வர் இருக்கிறது. 1908 திருநெல்வேலி எழுச்சியின்போது வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து பாட்டனார் பிடுங்கியது என்பார்கள். 'மார்க் 6' என்று பொறித்திருக்கிறது. இதன் வயதை எப்படி உறுதி செய்வது? (பாளையங்கோட்டை வாசகர்)

நீங்களே உறுதி செய்துவிட்டீர்கள். மார்க் 6, அதாவது வெப்ளியின் ஆறாவது மாதிரி, பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது 1915-இல். 1908-இல் அதைப் பிடுங்க யாராலும் முடியாது. பாட்டனார் ஏதோ ஒன்றைப் பிடுங்கியிருக்கலாம், அது இதுவல்ல. கைப்பிடியைப் பாருங்கள். முந்தைய மார்க்குகளில் கிளி மூக்குபோல வளைந்திருக்கும், 6-இல் அடிப்பக்கம் சதுரமாக முடியும். உடலில் வருடமும் இருக்க வேண்டும். சிறிய அம்புக்குறி ஒன்று இருந்தால் அது அரசுச் சொத்து என்று அர்த்தம். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், ராணுவமே அதைக் கழித்து வெளியே விற்றுவிட்டது. அப்படியானால் உங்கள் ரிவால்வர் வீட்டுக்கு வந்தது வீரத்தால் அல்ல, காசு கொடுத்து.

கேள்வி: அதிகாரி ஒருவர் வைத்திருந்த ரிவால்வர். ஆனால் அம்புக்குறியே இல்லை. பேரலின் மேல் 'பி. ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று மட்டும் இருக்கிறது. போலியா? கடிகாரக் கடைக்காரர்கள் துப்பாக்கி செய்தார்களா? (சென்னை)

போலி என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. அந்தக் காலத்து அதிகாரிகள் கைத்துப்பாக்கியைச் சொந்தக் காசில் வாங்கினார்கள். அரசு கொடுக்காததில் அரசு முத்திரை எப்படி இருக்கும்? பி. ஓர் துப்பாக்கியும் விற்றார்கள். பேரலில் இருப்பது விற்றவர் பெயர். செய்த ஊரைக் கண்டுபிடிக்க பேரலிலும் சிலிண்டரிலும் உள்ள, சுட்டுச் சோதித்ததற்கான பரிசோதனை முத்திரைகளைப் பாருங்கள். அநேகமாக பர்மிங்காமில் போய் நிற்கும்.

கேள்வி: அப்பா ராணுவத்தில் இருந்தவர். அவர் பெட்டியில் கிடைத்த ரிவால்வரில் கிரீடம், அதன் கீழ் வி.ஆர்., 1917 என்று இருக்கிறது. ஆங்கில எழுத்து 'என்' திரும்பி நிற்கிறது. மிக அரியதா? (வேலூர்)

வி.ஆர். என்பது விக்டோரியா ராணி. அவர் இறந்தது 1901 ஜனவரியில். 1917-இல் அவர் பெயரில் எந்தத் தொழிற்சாலையும் முத்திரை குத்தாது. அப்போது ஐந்தாம் ஜார்ஜ், ஜி.ஆர். என்றுதான் இருக்கும். உங்களுடையது கைபர் கணவாய்ப் பக்கத்து நகல் வேலை. பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக அரத்தை வைத்துக்கொண்டே துப்பாக்கி செய்கிறார்கள். ஆங்கிலம் தெரியாத கை எழுத்தைப் படமாகப் பார்த்துச் செதுக்குவதால்தான் 'என்' திரும்புகிறது, 'வெப்ளி'யில் ஓர் எழுத்து காணாமல் போகிறது. கைவேலையாகப் பார்த்தால் எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் எஃகின் தரத்துக்கு உத்தரவாதம் கிடையாது. தயவுசெய்து யாரும் அதைச் சுட்டுப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: மரக் கைப்பிடியில் சிவப்பு 9 செதுக்கிய மவுசர் (ஜெர்மன் கைத்துப்பாக்கி) ஒன்றை, 'கல்கத்தா ரோடா கொள்ளையில் போனது' என்று சொல்லி ஒருவர் விற்கப் பார்க்கிறார். (பெங்களூரு)

ரோடா என்ற துப்பாக்கி வியாபாரக் கம்பெனியின் சரக்கில் கொள்ளை நடந்தது 1914 ஆகஸ்ட் 26. புரட்சியாளர்கள் கொண்டுபோனது 50 மவுசர்கள், 46,000 தோட்டாக்கள். சிவப்பு 9 வந்ததோ 1916-இல், ஜெர்மன் ராணுவம் 9 மி.மீ. அளவில் 1,50,000 மவுசர்கள் கேட்டபோது. பழைய 7.63 தோட்டாவை மாற்றிப் போட்டுவிடாமல் இருக்கத்தான் அந்தச் சிவப்பு எண். இரண்டு கதையும் ஒரே துப்பாக்கிக்குப் பொருந்தாது. சிவப்பு 9 உண்மையா என்பதும் தனிக் கேள்வி, கைப்பிடியை யாரும் செதுக்கலாம். குறிபார்க்கப் பேரலின் பின்பக்கம் உள்ள தூர அளவுகோல் 500 மீட்டரில் முடிகிறதா, 1000 வரை போகிறதா என்று பாருங்கள். 1000 என்றால் அது வழக்கமான 7.63 மவுசராக இருக்கவே வாய்ப்பு அதிகம். எதுவானாலும், உரிமம் பேசாமல் கதை பேசுகிறவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: ஜப்பான் பிஸ்டலில் '19.3' என்று இருக்கிறது. 1919-ஆ? (பினாங்கு)

இல்லை. ஷோவா என்ற ஜப்பானியப் பேரரசர் காலக் கணக்கில் 19-ஆம் ஆண்டு, மார்ச் மாதம். ஷோவா ஆண்டோடு 1925-ஐக் கூட்டுங்கள்: 1944.

கேள்வி: சந்தையில் சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கி வாங்கினேன். 'டவர் 1856' என்றிருக்கிறது. (காரைக்குடி)

டவர் என்பது லண்டன் கோட்டை ஆயுதக் கிடங்கின் முத்திரை. நானும் இளவயதில் இப்படி ஒன்றை வாங்கி, இரண்டு வருடம் வரவேற்பறையில் மாட்டி வைத்திருந்தேன். 1840 வாக்கிலேயே பிரிட்டிஷ் ராணுவம் சக்கிமுக்கியை விட்டு, நம் பொட்டு வெடி மாதிரியான கேப்புக்கு மாறிவிட்டது. பேரலின் பின்பக்கம் தீ உள்ளே போக ஒரு சிறு துளை இருக்க வேண்டும். என்னுடையதில் அது துளைக்கப்படவே இல்லை! கிழக்கிந்தியக் கம்பெனித் துப்பாக்கி என்று சொன்னால் முத்திரையைக் கேளுங்கள்: 1808 வரை நான்காகப் பிரித்த இதய வடிவம், அதன் பிறகு பின்னங்காலில் நிற்கும் சிங்கம். இதயமும் 1820-ம் ஒன்றாக இருந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: துருவை உப்புத்தாள் போட்டு எடுக்கலாமா? பழையது என்பதால் உரிமம் வேண்டாம்தானே? (மதுரை)

இரண்டுக்கும் இல்லை. உப்புத்தாள் முதலில் தின்பது முத்திரையைத்தான். மெல்லிய எண்ணெயும் பருத்தித் துணியும் போதும், அதுவும் உள்ளே தோட்டா இல்லை என்று விவரம் தெரிந்தவர் பார்த்த பிறகு. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு. நூறு வயது ஆனாலும் சுடக்கூடிய வெப்ளிக்கு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் பரணில் கிடைத்தால், ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.