இரண்டாம் உலகப் போரில் மரத்தாலான விமானம் உண்மையிலேயே சண்டை போட்டதா?

போட்டது. டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் 'மொஸ்கிட்டோ' அது. உலோகம் தட்டுப்பாடாக இருந்த பிரிட்டனில் தச்சர்களுக்கும் நாற்காலி, மேசை செய்யும் பட்டறைகளுக்கும் பஞ்சமில்லை. அவர்களையும் போர் வேலைக்குக் கொண்டுவந்த விமானம் இது.

அதன் உடலைக் கவனியுங்கள். நடுவில் தக்கை போல லேசான பால்சா மரம், இருபுறமும் பிர்ச் மரத்தாலான ஒட்டுப்பலகை. வேர்க்கடலைத் தோடு மாதிரி உடலை இரண்டு பாதிகளாகச் செய்து, வயர்களையும் குழாய்களையும் உள்ளே பொருத்திய பிறகே ஒன்றாக ஒட்டினார்கள். ஆரம்பத்தில் ஒட்டியது பாலிலிருந்து எடுத்த கேசின் பசையால்! ஈரத்தில் அது தாங்காது. பின்னர் செயற்கைப் பசைக்கு மாறினார்கள்.

1940 நவம்பர் 25 அன்று முதலில் பறந்தது. தற்காப்புத் துப்பாக்கியே இல்லாத குண்டுவீச்சு விமானம் என்றதும் அதிகாரிகள் தயங்கினார்கள். ஆனால் இரண்டு மெர்லின் எஞ்சின், உள்ளே இரண்டே பேர், குறைந்த எடை. வேகமே அதன் கவசம். என்னைக் கேட்டால், அந்தத் துணிச்சல்தான் இதன் பெருமை.

அப்புறம் உளவுப் படம், இரவுச் சண்டை, கப்பல் வேட்டை என்று எல்லா வேலைக்கும் போனது. 1943 ஜனவரி 30 அன்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் வானொலியில் பேசவிருந்த நேரத்தில் பட்டப்பகலில் பெர்லின்மேல் குண்டு போட்டது. அதே ஆண்டு அக்டோபரில், சுவீடனிலிருந்து இயற்பியலாளர் நீல்ஸ் போர் (Niels Bohr) என்பவரைக் குண்டு வைக்கும் அறையில் ஏற்றிவந்தார்கள். வழியில் ஆக்ஸிஜன் இல்லாமல் மயங்கிப்போனவர், உயிரோடு பிரிட்டன் வந்து சேர்ந்தார்.