குடும்பத்தில் வந்த நோயும் கொடுப்பில் அதக்கும் புகையிலையும்

கேள்வி: மண்டபத்தை அடுத்த ஒரு கடற்கரைக் கிராமத்தில் பாசி எடுக்கும் தொழில் செய்கிறேன். எனக்கு வயது 38. என் தாயாருக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோயும், சித்திக்கு 51 வயதில் சினைப்பைப் புற்றுநோயும் வந்து, இருவருமே இறந்துவிட்டார்கள். இது குடும்பச் சாபம் என்று உறவினர்கள் சிலர் சொல்கிறார்கள். கருவாடுதான் காரணம் என்கிறார்கள் வேறு சிலர். விசைப்படகில் தொழிலுக்குப் போகும் என் கணவர், இரவில் தூக்கம் வராமலிருக்கப் பாக்கோடு புகையிலையை அதக்கிக்கொள்கிறார். 19, 12 வயதுகளில் எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களுக்கும் இந்த நோய் வருமா?
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: புற்றுநோய்களில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் மட்டுமே பெற்றோரிடமிருந்து வரும் மரபணுப் பிழையால் உண்டாகின்றன. ஆயினும், தாய்க்கு ஐம்பது வயதுக்கு முன்பே மார்பகத்திலும், அவருடைய உடன்பிறந்தவருக்குச் சினைப்பையிலும் நோய் வந்திருப்பதால், உங்கள் குடும்பம் அந்தச் சிறு பகுதியைச் சேர்ந்ததா என்று பார்த்தே ஆக வேண்டும். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரு மரபணுக்கள் உயிரணுக்களில் ஏற்படும் சேதத்தைச் சரிசெய்ய உதவுகின்றன. அவற்றில் பிழையோடு பிறக்கும் பெண்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும். சினைப்பைக்கும் ஆபத்து மிகுதி.

உங்கள் தாயாரிடம் அந்தப் பிழை இருந்திருந்தால், அது உங்களுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. உங்களுக்கு வராதிருந்தால் உங்கள் மூலம் பிள்ளைகளுக்கும் போகாது. ஆகவே, இரத்தப் பரிசோதனையை முதலில் நீங்கள் செய்துகொள்ளுங்கள். மதுரையிலோ, 1954இல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ புற்றுநோய் மருத்துவரைப் பார்த்து, யாருக்கு எந்த வயதில் எந்த உறுப்பில் நோய் வந்தது என்பதை எழுதியே கொடுங்கள். பிழை இருப்பது உறுதியானால், ஆண்டுதோறும் மார்பகத்துக்கு எம்ஆர்ஐ, மேமோகிராம் பரிசோதனைகள் செய்வார்கள். சினைப்பை நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய நம்பகமான பரிசோதனை இல்லாததால், சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் முன்கூட்டியே அகற்றுவது பற்றியும் பேசுவார்கள். பிழை இல்லையென்றாலும் மார்பகப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தாய்க்கு நோய் வந்த வயதுக்குப் பத்தாண்டுகள் முன்பே அதைத் தொடங்குவது வழக்கம், உங்களுக்கோ அந்த வயது கடந்துவிட்டது. இளைய மகளுக்கு இப்போது மரபணுப் பரிசோதனை வேண்டாம். ஆனால் 9 முதல் 14 வயதுக்குள் போடும் எச்பிவி தடுப்பூசியை, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்காக, அவளுக்குப் போட்டுவிடுங்கள்.

சாபம் என்ற சொல் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பெண் கேட்டு வருபவர்கள் விலகிப்போவார்கள் என்று அஞ்சி வீட்டில் வந்த நோயை மறைக்கும் வழக்கத்துக்கு அந்தச் சொல்லே துணைபோகிறது. அப்படி மறைத்த வீடுகளில் அடுத்த தலைமுறைப் பெண்கள் கட்டி பெரிதான பிறகுதான் மருத்துவரிடம் வருகிறார்கள்.

கருவாட்டைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணி என்று உறுதிசெய்திருப்பது சீன முறையில் உப்பிட்ட மீனைத்தான். அதனோடு தொடர்புடையது மூக்குக்குப் பின்னுள்ள தொண்டைப் பகுதியில் வரும் நோய். உப்பு மிகுந்த பதப்படுத்திய உணவுக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதால், கருவாட்டை ஊறவைத்து நன்றாக அலசி, அளவோடு சாப்பிடுங்கள். உங்கள் தாயாருக்கு வந்த நோயை அதன்மேல் சுமத்த வேண்டாம்.

உங்கள் வீட்டில் இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பெரிய ஆபத்து கணவரின் கொடுப்பில் இருக்கிறது. புகையிலை மட்டுமன்று, புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய்க் காரணியே என்று அதே முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அதக்குவதால் அங்குள்ள மென்தோல் தடித்து இறுகி, வாய் திறக்கும் அளவு சுருங்குகிறது. காரமான குழம்பு பட்டால் எரிகிறது. பின்னர் அந்த இடத்திலேயே புற்று தோன்றலாம். மதுவும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும். அவரை மூன்று விரல்களை நெட்டாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரல்கள் நுழையாவிட்டாலோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தெரிந்தாலோ, இரண்டு வாரங்களில் ஆறாத புண் இருந்தாலோ, அடுத்த முறை கடலுக்குப் போகும் முன்பே இராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். இறுகிய மென்தோல் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. ஆனாலும், இன்றே நிறுத்தினால் புற்று வரும் ஆபத்து ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும். இரவு விழிப்புக்குக் கட்டஞ்சாயா போதும்.

உங்கள் சித்தியின் பிள்ளைகளுக்கும், உங்களுடன் பிறந்த ஆண்களுக்கும் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். மரபணுப் பிழை ஆண்கள் வழியாகவும் அவர்களுடைய பெண் பிள்ளைகளுக்குப் போகும்.