சோபால உக்காந்தே தூங்குற அப்பா

கேள்வி: அக்கா, நாங்க கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்ல இருக்கோம். லேபர் டே லாங் வீக்கெண்டுக்கு ரெண்டு ஃப்ரெண்டு குடும்பத்தோட கடலோரமா போற ஹைவே ஒன்ல பிக் சர்ங்கிற இடத்துக்குப் போக எப்பவோ ரூம் போட்டாச்சு, ரீஃபண்ட் கிடையாது. இப்ப எங்கயோ காடு எரிஞ்சு இங்க வரைக்கும் புகை, காத்து எவ்வளவு கெட்டிருக்குன்னு சொல்ற ஏர்நவ் ஆப்ல 130 காட்டுது. மனைவி கேன்சல் பண்ணுங்கறா. ஃப்ரெண்ட்ஸ் "தீ எங்கயோ இருக்கு, கடல் காத்துல ஒண்ணும் தெரியாது, பயந்து சாகாத"ங்கறாங்க. அப்பாவுக்கு எழுபது ஆகப்போகுது, கோவில்பட்டியிலேர்ந்து முதல் தடவையா வந்து மூணு வாரம் ஆச்சு, அவருக்காகத்தான் இந்த டிரிப்பே. பிபி தவிர வேற ஒண்ணும் இல்ல. ஜெட்லாக் இன்னும் போகல போல, படுத்தா இருமல் வருதுன்னு சோபால சாஞ்சு உக்காந்தேதான் தூங்குறார், மனைவிதான் ராத்திரி எழுந்தப்ப பாத்துட்டு சொன்னா. அவர்கிட்ட கேட்டா "உங்க இஷ்டம்ப்பா"ங்கறார். போகலாமா வேணாமா?

பதில்: தம்பி, புகை சீசன் வந்தா இந்தக் கேள்வி எனக்கு வந்துகிட்டேதான் இருக்கும், ரூம் காசு போயிடுமே, ஃப்ரெண்டு என்ன நினைப்பான், புள்ளைங்க ஏமாந்துடுமே. அதுக்கெல்லாம் பதில் கீழ இருக்கு. மொதல்ல அந்த சோபா.

எழுபதை ஒட்டின மனுஷன், பிபி இருக்கு, படுத்தா இருமல் வருது, ராத்திரி முழுக்க உக்காந்தே தூங்குறார், நீ அதுக்கு ஜெட்லாக்னு பேர் வச்சிருக்க. ஜெட்லாக் மூணு வாரம் இருக்காது, இருந்தாலும் ராத்திரி கொட்டக் கொட்ட முழிச்சிருக்க வைக்கும், படுக்க விடாம பண்ணாது. படுத்தா மூச்சு முட்டுறது, இருமல் வர்றது, தலையணைய அடுக்கி சாஞ்சாதான் தூக்கம்ங்கிறது இதயம் ரத்தத்த சரியா பம்ப் பண்ண முடியாம நுரையீரல்ல நீர் சேர்றப்ப வர்ற அடையாளமா இருக்கலாம். ஆஸ்துமாவா இருக்கலாம், நெஞ்செரிச்சலா கூட இருக்கலாம், எதுன்னு சொல்ல வேண்டியது டாக்டர், நீயும் இல்ல நானும் இல்ல. ஆனா ரூமு, ரீஃபண்டு, ஃப்ரெண்டுன்னு அத்தனையும் எழுதின நீ இதுக்கு டாக்டர்னு ஒரு வார்த்தை எழுதலயே, அத படிச்சப்ப எனக்கு நிஜமாவே கோவம் வந்துச்சு.

அவர் ஏன் சொல்லலன்னு உனக்குப் புரியலயா? அமெரிக்கால ஆஸ்பத்திரி வாசல மிதிச்சாலே புள்ளைக்கு லட்சக்கணக்குல பில்லு வரும்னு ஊர்ல எல்லாரும் சொல்லி அனுப்பியிருப்பாங்க. விசிட்டர் இன்ஷூரன்ஸ் ஏற்கனவே இருக்குற வியாதிக்குப் பெரும்பாலும் காசு தராதுங்கிறது உனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதனாலதான் வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கார். பெத்தவங்க சொல்லாததையும் பாத்துத் தெரிஞ்சுக்கிறதுதான் புள்ளையோட கடமை, இதுல நான் யாருக்கும் சலுகை குடுக்கிறதில்ல, நீ எவ்வளவு பிசியா இருந்தாலும் சரி.

இன்னைக்கே அவர் மாத்திரை டப்பாவ எடுத்து எண்ணிப் பாரு. இங்க இருக்குற வரைக்கும் வரணுமேன்னு பாதியா ஒடச்சு போடுறாரா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுறாரா. பிபிக்கு யூரின் போறதுக்குன்னு ஒரு மாத்திரை குடுத்திருக்கலாம், ஃப்ளைட்ல அடிக்கடி எழுந்து போகணுமேன்னு அத நிறுத்திட்டு இங்க வந்தும் திரும்ப ஆரம்பிக்காம இருக்குறவங்க உண்டு. சாக்ஸ கழட்டச் சொல்லி கணுக்கால அழுத்திப் பாரு, குழி விழுதான்னு, விழுந்தா நீர் கோத்திருக்கலாம். நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டு. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குச்சுன்னா, நெஞ்சு வலின்னா, ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சு கூடவே மூச்சுத் திணறுச்சுன்னா நாளைக்குன்னு தள்ளாத, உடனே 911க்கு போன் போட்டு ஆம்புலன்ஸ கூப்பிடு. எமர்ஜென்சிக்கு வந்தவங்கள காசு இல்லன்னு பாக்காம அனுப்பக்கூடாதுன்னு 1986லேர்ந்து அந்த நாட்டுல சட்டமே இருக்கு. லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரின்னா நிதி உதவித் திட்டம்னு ஒண்ணு கட்டாயம் வச்சிருக்கணும், கேட்டு வாங்கு, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

இப்ப டிரிப்பு. போகக்கூடாது. 130ன்னா ஆரஞ்சு கலர், வயசானவங்க, இதய நோய், நுரையீரல் நோய் இருக்குறவங்களுக்கு ஆகாத காத்துன்னு அர்த்தம், உன் வீட்டு சோபால உக்காந்திருக்கிறவரத்தான் அது சொல்லுது. புகையில இருக்குற பிஎம் 2.5ங்கிற கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூசு தொண்டையோட நிக்காது, நுரையீரலோட அடி வரைக்கும் போய் ரத்தத்துல கலந்து இதயத்துக்கும் வேல குடுக்கும். கடல் காத்து அடிச்சா புகை இருக்காதுங்கிறதும் தப்பு, காத்து திசை மாறினா அதே புகை கடற்கரைக்குத்தான் வரும்.

பிக் சர்ல ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவுல இருக்குறது அந்த ரோடு ஒண்ணுதான். மலையத் தாண்டி உள்ள போக நாசிமியென்டோ ரோடுன்னு ஒண்ணு இருக்கு, 2020ல டோலன் தீ வந்ததுக்கு அப்புறம் அதுவும் வருஷக்கணக்கா மூடிக் கெடந்துச்சு. அந்தத் தீ எரிச்ச மலைச் சரிவு 2021 ஜனவரி மழைல சரிஞ்சு ராட் கிரீக்ல ஹைவே ஒன்னையே ஒரு துண்டு கடலுக்குள்ள இழுத்துட்டுப் போச்சு. 2016ல சோபரேனஸ் தீ, யாரோ அணைக்காம விட்டுட்டுப் போன கேம்ப் ஃபயர்ல ஆரம்பிச்சு 1,32,000 ஏக்கர் போச்சு, புல்டோசர் ஓட்டினவர் ஒருத்தர் உயிரும் போச்சு. 2025 ஜனவரில லாஸ் ஏஞ்சலஸ்ல பாலிசேட்ஸ் தீ வந்தப்ப ரோட்டுலயே கார விட்டுட்டு ஜனங்க ஓடினத நீயும் பாத்திருப்ப. பிக் சர்ல பாதி இடத்துல போன்ல சிக்னலே வராது, பெரிய ஆஸ்பத்திரின்னா மான்டரேக்குத்தான் திரும்பி வரணும், அந்த வளைவுல, புகையில, பின் சீட்ல அப்பா மூச்சு வாங்கிட்டு இருக்க நீ வண்டி ஓட்டப் போறியா?

ஹோட்டல்காரங்களுக்கு போன் போட்டு புகையச் சொல்லி தேதி மாத்தித் தரச் சொல்லிக் கேளு, தரலன்னா அந்தக் காசு போகட்டும். ஃப்ரெண்ட்ஸ்கிட்ட அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லு, அதுதான் உண்மை. அதுக்கு மேலயும் கிண்டல் பண்றவன் கூட நீ எதுக்கு ஊர் சுத்தணும்? வீட்டுல ஜன்னல மூடி வை, ஏர் ப்யூரிஃபையர் இருந்தா அப்பா இருக்குற ரூம்ல போடு, கார் எடுத்தா ஏசிய உள் காத்து மட்டும் சுத்துற மாதிரி வை. புகைத் தூச வடிகட்டுற N95 மாஸ்க் நல்லதுதான், ஆனா மூச்சு வாங்குறவங்களுக்கு அதுவே கஷ்டம், டாக்டர்கிட்ட கேக்காம அவருக்கு மாட்டி விடாத.

டாக்டர்கிட்ட போகும்போது மனைவிய கூட கூட்டிட்டுப் போ. அங்கயும் அப்பா ஒண்ணும் இல்ல டாக்டர்னுதான் சொல்வார். ராத்திரி எழுந்து அவர் எப்படித் தூங்குறார்னு பாத்தது அவதான், அவ சொல்லட்டும்.